பொழுது சாய்ந்ததும் அணைந்த கேமராக்கள்

கார்த்திகை மாதம், மாலை ஆறு மணி. திருப்பூருக்கு வெளியே ஒரு பனியன் கம்பெனியின் பின்பக்கக் காம்பவுண்டில் ஏணி போட்டு நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு ஒரு முழம் மேலே, பின்பக்கத்து இரண்டு கேமராக்களில் ஒன்று. பகலெல்லாம் அதன் படம் கண்ணாடிபோலத் தெரிந்தது. வெளிச்சம் மங்க மங்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 6.10 இருக்கும், கேமராவுக்குள் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். லென்சுக்கும் சென்சாருக்கும் நடுவே அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் ஃபில்டர் விலகுகிற சத்தம் அது. உடனே லென்சைச் சுற்றி இருந்த ஐஆர் எல்இடிகள், அதாவது இருட்டில் படம் எடுக்க உதவும் அகச்சிவப்பு விளக்குகள், மங்கிய சிவப்பாக எரிந்தன. இரண்டு விநாடிகூட இருக்காது, எல்லாம் அணைந்துவிட்டது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி உயிர் வந்தது. மறுபடி 'டிக்', சிவப்பு, இருட்டு.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் ஐயா சொன்னார்: "ஒரு மாசமா இதத்தானுங்க தம்பி சொல்றேன். பொழுது எறங்கினாப் போதும், ரெண்டும் கண்ண மூடிக்குது. காலையில பார்த்தா எதுவுமே நடக்காத மாதிரி நிக்குது."

அவர் ஒரு மாதமாகச் சொல்லியும் காதில் வாங்காதது என் தவறு. ஃபோனில் கேட்டபோதெல்லாம் கேமராதான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி ஒன்றை மாற்றினேன், மென்பொருளைப் புதுப்பித்தேன், கேமராக் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சில் வேறு போர்ட்டுக்கு மாற்றினேன். எல்லாம் பகலில் வந்து செய்த வேலை. பகலில் வந்தால் பகலில் இருக்கிற கோளாறுதான் கண்ணில் படும்.

நான் நெட்வொர்க், கேமரா வேலை பார்க்க வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரன்ட்டும் கொடுக்கும் பிஓஇ முறைதான் இன்று எங்கள் பிழைப்பில் முக்கால்வாசி. கேமராவுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் வேண்டாம், அடாப்டர் வேண்டாம், எலெக்ட்ரீஷியனுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரே ஒயர் போதும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்வோம். அப்படிச் சொல்லிச் சொல்லி, அந்த ஒயர் ஒரு கரன்ட் லைனும்கூட என்பது நமக்கே மறந்துபோகிறது. படம் வருகிறதா என்று பார்க்கிறோம், கரன்ட் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று பார்ப்பதில்லை. நான் சந்தித்த தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மறதியில் தொடங்கியவைதான்.

மறுநாள் அந்தக் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றினேன். உள்ளே இரண்டிரண்டாக நான்கு ஜோடிக் கம்பிகள். ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்து மின்தடை எத்தனை ஓம் என்று பார்த்தேன். கேட் ஃபைவ் ஈ வகை நல்ல காப்பர் நெட்வொர்க் கேபிளில் ஒரு கம்பிக்கு 100 மீட்டருக்கு அதிகபட்சம் 9.38 ஓம். இந்தக் கேபிள் 95 மீட்டர். போய் வர இரண்டு கம்பி என்றால் 18 ஓமுக்குள் காட்ட வேண்டும். எனக்கு வந்தது 80. கேபிள் போகும் பைப்பைத் தட்டினால் எண் ஆடியது. அடுத்த ஜோடியிலும் அதே கதை.

பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டினேன். மேலே காப்பர் நிறம், உள்ளே வெள்ளை. சிசிஏ என்று நாங்கள் சொல்லும், காப்பர் முலாம் பூசிய அலுமினியக் கம்பி. அதுவும் வழக்கத்தைவிட மெல்லியது. பைப்பைப் பிரித்துக்கொண்டே போனால் பாதி வழியில் ஒரு ஜாயின்ட். கம்பிகளைக் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்தபோது முறுக்கின் மேல் சாம்பல் மாதிரி வெள்ளைப் பொடி படிந்திருந்தது. அலுமினியம் காற்றுப் பட்டு ஆக்சைடு ஆனது. மின்சாரம் அந்தப் பொடியைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

அந்தக் கேபிள் பெட்டியை வாங்கியது நான்தான். தொழிலில் இறங்கிய புதிதில், ஒரு பெட்டிக்குப் பாதி விலை என்று கடைக்காரர் சொன்னதும் எடுத்துவிட்டேன். அதனால் இதில் வேறு யார் மேலும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

பகலில் ஓடிய கேமரா ராத்திரியில் ஏன் விழுந்தது என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எல்லாம் தெளிந்தது. பிஓஇயில் கரன்ட் ஒரு ஜோடியில் போய் இன்னொரு ஜோடியில் திரும்புகிறது. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு கம்பிகள் சேர்ந்து சுமப்பதால், என் கேபிளில் போய் வரும் பாதையின் மொத்தத் தடை சுமார் 40 ஓம். சுவிட்ச் 48 வோல்ட் கொடுக்கிறது. பகலில் அந்தக் கேமரா எடுப்பது 5 வாட். மின்னோட்டம் 0.115 ஆம்பியர், கேபிளில் விழுவது நாலரை வோல்ட், கேமராவுக்குக் கிடைப்பது 43 வோல்ட். போதும். இருட்டியதும் ஐஆர் எரிந்தால் தேவை 11.5 வாட்டுக்கு ஏறுகிறது. வோல்டேஜ் குறையக் குறைய கேமரா அதே வாட்டை எடுக்க இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும். அதிகம் இழுத்தால் கேபிளில் இன்னும் அதிகம் விழும். கணக்கு 0.33 ஆம்பியரில் போய் நிற்கிறது. கேபிளில் 13 வோல்ட் காலி, கேமராவுக்கு 35 மிச்சம். 37 வோல்டுக்குக் கீழே போனால் அது இயங்க வேண்டிய கட்டாயம் இல்லை. சுவிட்ச் பக்கம் பார்த்தாலும் ஏறக்குறைய 16 வாட் கேட்கிறது, அந்த போர்ட்டின் வரம்போ 15.4. எப்படிப் பார்த்தாலும் விழ வேண்டிய கேமராதான் அது.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தவை என்று தெரிந்துகொண்ட பிறகு எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் மரியாதை கூடியது. 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரம் போர்ட்டில் 15.4 வாட் என்கிறது, கருவிக்கு உறுதி சொல்வதோ 12.95 வாட்தான். நடுவே உள்ள 2.45 வாட் எங்கே? 0.35 ஆம்பியர் மின்னோட்டத்துக்கு 20 ஓம் கேபிள் தின்பது அது. 2009இல் வந்த 802.3ஏடி தரத்தில் போர்ட்டில் 30, கருவிக்கு 25.5. அங்கே 0.6 ஆம்பியர், 12.5 ஓம், இழப்பு 4.5 வாட். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதை ஓமால் பெருக்கிப் பாருங்கள், அச்சாக வரும். கேபிளில் போகிற இழப்பை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அதைக் கழித்துத்தான் நமக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். 2018இல் வந்த 802.3பிடி நான்கு ஜோடியிலும் கரன்ட் அனுப்பி 90 வாட் வரை போகிறது, மறுமுனையில் 71.3. அந்தக் கணக்கெல்லாம் நல்ல காப்பர் கேபிளை நம்பிப் போட்டது. சிசிஏவுக்கு அந்த வாக்கு செல்லாது.

48 வோல்ட் என்பதும் புதிதல்ல. சின்ன வயதில் எங்கள் வீட்டில் லேண்ட்லைன் ஃபோன் இருந்தது. கரன்ட் போய் ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் 'ங்…' என்று டயல் டோன் கேட்கும். வீட்டில் எதுவும் ஓடாதபோது இது மட்டும் எப்படி ஓடுகிறது என்று அப்போது புரியவில்லை. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அந்த இரண்டு மெல்லிய கம்பிகளிலேயே வந்துகொண்டிருந்தது. பேச்சும் கரன்ட்டும் ஒரே கம்பியில். பிஓஇயும் முதலில், நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி ஃபோன்களுக்காகத்தான் பிறந்தது. ஆள் தொட்டால் உயிருக்கு ஆபத்தில்லாத அளவில் இருக்க வேண்டும், அதே சமயம் ஆம்பியர் குறையும்படி வோல்டேஜ் உயர்வாகவும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே வாகான இடம் அது.

"கரன்ட்டும் டேட்டாவும் ஒரே கம்பியில போனா கலந்துடாதாங்ணா?" என்று என்னிடம் வேலை பழகும் தம்பி கேட்டான். ஒரு தோணியில் உயரமானவர் ஒருவரும் குள்ளமானவர் ஒருவரும் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள். தண்ணீர் ஏறி தோணி உயர்ந்தால் இருவரும் உயர்வார்கள், அவர்களுக்கு நடுவே உள்ள உயர வித்தியாசம் மாறாது. டேட்டா என்பது ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கும் இடையிலான வித்தியாசம். பிஓஇ இரண்டு கம்பிகளையும் ஒரே அளவு தூக்குகிறது. அதனால்தான் என் கேபிளில் கரன்ட் தள்ளாடியபோதும் பகலில் படம் ஒரு குறையும் இல்லாமல் வந்தது. படம் நன்றாக வருவதால் கேபிள் நன்றாக இருக்கிறது என்று நான் நம்பிய இடம் அதுதான்.

ஒழுங்கான பிஓஇ சுவிட்ச் கண்மூடித்தனமாக கரன்ட்டைத் தள்ளாது. முதலில் 10 வோல்டுக்குள் கொஞ்சம் அனுப்பி, எதிரே 25 கிலோ ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். பிஓஇ கருவிகளுக்குள் அந்த அடையாளம் இருக்கும். பிறகு எந்த வகுப்பு, எத்தனை வாட் என்று அறிந்து, அதற்குப் பிறகே முழு வோல்டேஜ். கருவியைக் கழற்றினால் அரை விநாடிக்குள் நிறுத்திவிடும். அதனால் சாதாரண லேப்டாப்பை அந்த போர்ட்டில் சொருகினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் வயர்லெஸ் கருவிகளோடு வரும், கேபிளில் கரன்ட்டை ஏற்றும் சின்னப் பெட்டிகளான 24 வோல்ட் பாஸிவ் இஞ்செக்டர்களில் இந்தத் தடவல் கிடையாது. பிளக்கில் போட்டதும் கரன்ட் வந்துவிடும். ஒரு விடுதியில் மொட்டைமாடியில் வயர்லெஸ் லிங்க் போட்டபோது, இஞ்செக்டரில் 'லேன்', 'பிஓஇ' என்ற இரண்டு ஓட்டைகளிலும் கேபிள்கள் இடம் மாறிவிட்டன. ரெக்கார்டரின் நெட்வொர்க் போர்ட்டிலிருந்து கருகிய வாடை வந்த பிறகுதான் கவனித்தோம். அன்றிலிருந்து அப்படிப்பட்ட இஞ்செக்டர் எங்கள் கையில் வந்தால் முதல் வேலை, பிஓஇ ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டுவது.

சுவிட்ச் வாங்கும்போது எத்தனை போர்ட் என்று கேட்கிறார்கள், மொத்தம் எத்தனை வாட் என்று கேட்பவர் குறைவு. ஒரு கல்யாண மண்டபத்தில் 8 போர்ட் சுவிட்ச், 8 வெளிப்புறக் கேமரா. எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது போலத் தெரியும். அந்த சுவிட்சின் மொத்த வரம்பு 65 வாட். பகலில் 8 கேமராவும் சேர்ந்து 40 வாட். இருட்டியதும் ஒவ்வொன்றும் 9 வாட், மொத்தம் 72. சுவிட்ச் முன்னுரிமை குறைந்த கடைசி போர்ட்டை வெட்டிவிட்டது. அந்த போர்ட்டில் இருந்தது வாகனம் நிறுத்தும் இடத்துக் கேமரா, ராத்திரியில் மிக அவசியமானது. இப்போது நான் கருவியின் காகிதத்தில் உள்ள உச்ச வாட்டை எடுத்து, ராத்திரிக் கணக்காகவே கூட்டி, அதற்கு மேல் கால் பங்கு சேர்த்துத்தான் சுவிட்ச் சொல்கிறேன். வாசல் கேமராவை ஒன்றாம் போர்ட்டில் போடுகிறேன்.

கரன்ட் போகிற ஊரில் பிஓஇ தரும் பெரிய நன்மை யுபிஎஸ். பதினான்கு இடத்தில் அடாப்டர் இருந்தால் பதினான்கு இடத்துக்கும் பேக்கப் கொடுக்க முடியாது. பிஓஇ என்றால் சுவிட்சும் ரெக்கார்டரும் இருக்கும் ரேக்கில் ஒரே இடத்தில் கொடுத்தால் போதும். ஆனால் கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி. பெருக்கினால் 84 வாட் மணி. சுவிட்சும் ரெக்கார்டரும் சேர்ந்து 150 வாட் எடுத்தால் காகிதத்திலேயே அரை மணி நேரம், நடைமுறையில் கால் மணி தாண்டினால் பெரிது. அந்தப் பனியன் கம்பெனியில் 150 ஆம்பியர் மணி பேட்டரியோடு இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருந்தது, அதிலிருந்து ரேக்குக்குத் தனி லைன் இழுத்தோம். ஒரு எச்சரிக்கை: பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதைப் போட்டிருக்க வேண்டும். சாதாரண மோடில் இருந்தால் கரன்ட் மாறும் அந்தக் கண்ணிமைப்பில் எல்லாக் கேமராவும் ஒரு தடவை அணைந்து எழும். திருடன் வருவதற்கு அந்த ஒரு நிமிடம் போதும் என்று முதலாளிகள் சொல்வார்கள், சரிதான்.

மழையைப் பற்றி நிறையச் சொல்லலாம். வெறும் டேட்டா போகும் கனெக்டரில் ஈரம் பட்டால் துரு மெதுவாக வரும். 48 வோல்ட் டிசி ஓடிக்கொண்டிருக்கும் கனெக்டரில் ஈரம் பட்டால் அது முலாம் பூசும் தொட்டி மாதிரிதான். ஐப்பசி மழை முடிந்து ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கழற்றிய கனெக்டரின் பின்கள் பாசி படிந்ததுபோலப் பச்சையாக இருந்தன. ஒரு பின் முழுதாகவே கரைந்து, இருந்த இடம் மட்டும் தெரிந்தது. கேமராவோடு வரும் அந்த ரப்பர் வாஷரையும் திருகு மூடியையும் பலர் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள், ஏணி மேல் நின்று மாட்டுவதற்குச் சிரமம் என்று. சிரமப்பட்டாவது மாட்ட வேண்டும். மாட்டுவதற்கு முன் கனெக்டருக்குள் கொஞ்சம் சிலிகான் கிரீஸ். கேபிளைப் பெட்டிக்குள் மேலிருந்து நுழைக்காமல், கீழே இறக்கி ஒரு வளைவு கொடுத்து, அடிப்பக்கமாக ஏற்ற வேண்டும். மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் வளைவின் அடியில் சொட்டிவிடும்.

இன்னொரு பழக்கம், ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குவது. கண்ணுக்குத் தெரியாத அளவில் பொறி பறக்கும். பத்து இருபது தடவையில் ஒன்றும் ஆகாது, நாள்பட்டால் பின்னில் கரும்புள்ளி விழும். 60, 90 வாட் கருவிகளில் சுவிட்சின் மெனுவில் போர்ட்டை அணைத்துவிட்டுத்தான் நான் கழற்றுவேன். தகரக் கூரைக்கு அடியில் கேபிள் ஓடினால் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். காப்பரின் தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் அளந்த கேபிள் 60 டிகிரியில் பதினாறு சதவீதம் கூடுதல் தடை காட்டும். 95 மீட்டர் போகிற இடத்தில் அது சின்ன விஷயமல்ல.

இடிக்கு மட்டும் நான் பயப்படுவேன். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குக் காப்பர் கேபிளை வெட்டவெளியில் இழுத்த இடத்தில், ஒரு கோடை மழையில் விழுந்த இடி ஆறு போர்ட்டையும் நான்கு கேமராவையும் ஒரே நொடியில் கொண்டுபோனது. இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு வேறு, நடுவே நம் கேபிள்தான் பாலம். அதற்குப் பிறகு கட்டடம் விட்டுக் கட்டடம் போனால் ஃபைபர் மட்டும்தான். கண்ணாடி இழையில் கரன்ட் போகாது, ஆகவே அந்தப் பக்கம் ஒரு சின்ன பிஓஇ சுவிட்சும் அதற்கு ஒரு யுபிஎஸ்ஸும் வைக்க வேண்டும். செலவு கூடத்தான் செய்யும், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பனியன் கம்பெனிக்குத் திரும்பி வருகிறேன். முதலாளியிடம் போய், அந்தக் கேபிளை நான்தான் வாங்கினேன், மாற்றும் செலவு என்னுடையது என்றேன். வெட்டிய ஜாயின்ட்டை மேசையில் வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நூல்லயும் இப்படித்தானுங்க. மேல பார்த்தா ஒண்ணு, ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். பாதிச் செலவை அவரே ஏற்றுக்கொண்டார்.

முழு காப்பர், 23 கேஜ் தடிமன், கேட் சிக்ஸ் கேபிள் வாங்கினேன். கடையிலேயே ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்தேன், தீக்குச்சியில் காட்டிப் பார்த்தேன். அலுமினியம் சீக்கிரம் உருகித் தொங்கும், காப்பர் அந்தச் சூட்டில் சிவக்குமே தவிர உருகாது. பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலும் கனம் சொல்லிவிடும். பின்பக்கத்துக்குப் போகும் இரண்டு லைனையும் நடுவில் ஜாயின்ட் இல்லாமல் ஒரே இழுவையில் இழுத்தோம். தம்பி முனைகளில் கனெக்டரை மாட்டி க்ரிம்ப் செய்தான். விளக்கு வரிசையாக எரிகிற மலிவு டெஸ்டரோடு நிறுத்தாமல், ஒவ்வொரு ஜோடியையும் ஓமில் அளந்து, கேபிளின் மேலேயே மார்க்கரால் எழுதினோம்: 14.2, 14.1, 14.3, 14.2. அடுத்து யார் வந்து பிரித்தாலும் முதல் நாள் எப்படி இருந்தது என்று தெரியட்டும்.

அன்றைக்கும் இருட்டும்வரை நின்றேன். வாட்ச்மேன் ஐயா டீ வாங்கிவந்திருந்தார். 6.15க்கு 'டிக்' கேட்டது. சிவப்புப் புள்ளிகள் எரிந்தன. இருவரும் பேசாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபோனைத் திறந்து சுவிட்சின் மெனுவைப் பார்த்தேன், அந்த போர்ட்டில் 12 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம். அணையவில்லை.

"தம்பி, நம்ம கேட்டுக்கு ஒரு ஃபோன் வெச்சுத் தர முடியுங்களா? லோடு வண்டி வந்தா ஆபீஸ் வரைக்கும் நடந்து போய்த்தான் சொல்ல வேண்டியிருக்கு" என்றார். சுவிட்சின் வரம்பு 190 வாட், எல்லாக் கேமராவும் சேர்ந்து ராத்திரியில் 114. பதினாறில் இரண்டு போர்ட் காலி. கேட்வரை நடந்து அளந்தேன், ரேக்கிலிருந்து 70 மீட்டர்கூட வராது. ஐபி ஃபோன் ஒன்று 5, 6 வாட்தான் எடுக்கும்.

"வைக்கலாங்க ஐயா" என்றேன். "கரன்ட் போனாலும் பேசலாம்."